சுடாத கைத்துப்பாக்கிக்கும் பராமரிப்பு வேண்டும்

படைக்கலக் காப்பறையில் ஆர்மரராக (ஆயுதங்களைப் பேணிப் பழுதுபார்ப்பவராக) நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் இதைப் பகிர்கிறேன். எங்கள் பிரிவில் இருந்தவை மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் தயாரான 9 மி.மீ. 1ஏ பிஸ்டல்கள். பெல்ஜியத்தின் எஃப்.என். ஆயுத நிறுவனம் 1935-இல் வெளிக்கொணர்ந்த பிரௌனிங் ஹை-பவரின் வழிவந்த இவற்றின் மேகசினில் (தோட்டாக்களை அடைக்கும் பெட்டியில்) 13 தோட்டாக்கள் கொள்ளும்.

ரைபிள் நாள்தோறும் கைபட்டுத் துடைக்கப்படுகிறது. பிஸ்டலோ அதிகாரிகளின் இடுப்பிலும் டாங்கிப் படையினரிடமும் சுடப்படாமலேயே மாதக்கணக்கில் கிடக்கிறது. ஆகவே பழுதுபார்க்க என்னிடம் வந்தவற்றில் சுட்டுத் தேய்ந்த பேரல்களை (குழல்களை) விட, துருப்பிடித்த ஸ்லைடுகளும் (பிஸ்டலின் முன்பின் நகரும் மேற்பாகங்களும்) வாய் நெளிந்த மேகசின்களுமே மிகுதி. தோலுறை வியர்வையையும் ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இயல்புடையது என்பதால், கடற்கரை முகாம்களில் உறையோடு காப்பறையில் வைக்கப்பட்ட பிஸ்டலில், கைப்பிடித் தகடுகளுக்கு அடியில்தான் செம்புள்ளிகள் முதலில் தோன்றும். மேலே பார்ப்பவருக்கு அது தெரியாது. உறையை வேறாகவும் ஆயுதத்தை வேறாகவும் வைக்க வேண்டும் என்பதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

பிரித்தல் எளிது. மேகசினைக் கழற்றி, சேம்பர் (சுடும்முன் தோட்டா அமரும் அறை) காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்தபின், ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து சேஃப்டியால் (பாதுகாப்புப் பூட்டால்) நிறுத்தி, ஸ்லைடு ஸ்டாப்பை (ஸ்லைடைப் பிடித்து நிறுத்தும் பாகத்தை) வலப்புறமிருந்து தள்ளி எடுத்துவிட்டால் ஸ்லைடு முன்புறமாக வந்துவிடும்; பேரலும் ஸ்பிரிங்கும் அதிலிருந்து வெளிவரும். மீண்டும் பூட்டிய பிறகு விசையை (டிரிகரை) சோதிக்கக் காலி மேகசினைச் செருகியாக வேண்டும், ஏனெனில் மேகசின் இல்லாதபோது விசை இயங்காதபடி ஒரு தடை அமைந்துள்ளது. பாதுகாப்புக்காக வைத்த அத்தடை விசையின் இழுப்பைக் கனமாக்குகிறது. என் கருத்தில் அது நன்மையைவிடத் தொல்லையே.

– – –

மேலே ஆர்மரர் ஐயா கூறியதை ஒட்டி, பயிற்சியின்போது நான் கையாண்ட கிளாக் 17 பற்றிச் சிறிது சேர்க்கிறேன். ஆஸ்திரிய இராணுவம் 1982-இல் ஏற்றுக்கொண்ட இந்தப் பிஸ்டலைத்தான், ஹை-பவருக்கு மாற்றாக 2013-இல் பிரிட்டிஷ் படையும் தேர்ந்தெடுத்தது. இதன் உடற்சட்டம் பாலிமர் என்னும் வலுவான பிளாஸ்டிக்கால் ஆனது; மேகசினில் 17 தோட்டாக்கள் கொள்ளும்; கட்டைவிரலால் இயக்கும் சேஃப்டி கிடையாது, மாறாக விசையிலும் உள்ளேயும் மூன்று தடைகள் தாமாக இயங்குகின்றன.

பிரிக்கும் முறையில்தான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஐயா விவரித்த பிஸ்டலைப் பிரிக்க விசையைத் தொட வேண்டியதில்லை. கிளாக்கிலோ ஸ்லைடைக் கழற்றுமுன் விசையை அழுத்தியே தீர வேண்டும். ஆதலால் மேகசினை எடுக்காமல் ஸ்லைடை மட்டும் இழுத்துவிட்டு, சேம்பரையும் பார்க்காமல் விசையை அழுத்துபவர் துப்புரவு மேசையிலேயே சுட்டுவிடக்கூடும். மேகசினை முதலில் எடுப்பது என்ற வரிசையை எங்கள் பயிற்றுநர் ஒருநாளும் தளர்த்தியதில்லை.

பாலிமர் துருப்பிடிக்காது என்று எண்ணி அசட்டையாக இருப்பவர்களும் உண்டு. பேரலும் ஸ்பிரிங்குகளும் சிறு பாகங்களும் உலோகமே. எண்ணெய் சில துளிகள் போதும். தோட்டாவை அடித்து வெடிக்கச் செய்யும் ஃபயரிங் பின் இயங்கும் துளையில் எண்ணெய் இடவே கூடாது, அங்கே அழுக்கு சேர்ந்து இறுகினால் அடி வலுவிழந்து தோட்டா வெடிக்காமல் போகும். மணல் பறக்கும் பகுதிகளில் மிகுதியான எண்ணெய் மணலை ஈர்த்து ஸ்லைடின் ஓட்டத்தைத் தடுக்கும். கடும் குளிரில் அதே எண்ணெய் கெட்டிப்படும். குளிரிலிருந்து வெப்பமான அறைக்குள் கொண்டுவந்த ஆயுதத்தின் மீது நீர் படிவதால், அதைத் துடைத்து உலர்த்தி மறுபடியும் மெல்லிய பூச்சாக எண்ணெய் இடுவது அன்றே செய்து முடிக்க வேண்டிய வேலை.