சிகாகோ: வெள்ளையர் ஊரைக் காலி செய்தது பயத்தாலா, பணத்தாலா?

திண்ணை:
வடக்கு லாண்டேல் பேட்டையில் 1950இல் நூற்றுக்கு 87 பேர் வெள்ளையர். 1960இல் 91 பேர் கறுப்பர். பத்தே வருஷத்தில் ஒரு பேட்டை முழுக்க எப்படிக் கைமாறும்? இனவெறுப்பு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாமா?

வில்லங்கம்:
வெறுப்பு இருந்தது, அதைக் காசாக்கியவன் தரகன். தெருவில் ஒரு வீட்டைக் கறுப்பர் குடும்பத்துக்கு முடித்துக் கொடுப்பான். சில இடங்களில் அதுகூட இல்லை, கறுப்பினப் பெண் ஒருவருக்குக் கூலி கொடுத்து, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து அந்தத் தெருவில் நடக்கவிடுவான். பிறகு வீடு வீடாகக் கதவைத் தட்டி, “விலை விழறதுக்குள்ள வித்துடுங்க” என்பான். பயந்தவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கி, வேறு பக்கம் வீடே கிடைக்காத கறுப்பரிடம் ஏற்றி விற்பான். லாண்டேலில் 12,000 டாலருக்கு வாங்கிய ஒரு வீடு ஆறே மாதத்தில் 27,500க்குப் போனது.

அதுவும் கிரயம் கிடையாது, தவணை ஒப்பந்தம். கடைசித் தவணை வரை பத்திரம் விற்றவன் பெயரில். நடுவில் ஒரு மாதம் தவறினால் வீடும் போச்சு, கட்டின பணமும் போச்சு. அதே வீடு அடுத்த ஆளுக்கு, மறுபடி முன்பணத்திலிருந்து.

திண்ணை:
வங்கியில் கடன் வாங்கியிருக்கலாமே?

நிலவரைபடம்:
எங்கே கொடுத்தார்கள்! 1934இல் வந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வீட்டுக் கடனுக்குக் காப்பீடு தந்தது. கறுப்பர் வாழும் பகுதி என்றால் பெரும்பாலும் கை விரித்தது; காப்பீடு இல்லையென்றால் வங்கியும் கடன் தரத் தயங்கும். அதே நிர்வாகம் புறநகரில் புது வீடு வாங்கும் வெள்ளையருக்குக் குறைந்த முன்பணத்தில் நீண்ட காலக் கடன் கிடைக்க வழி செய்தது. நியூயார்க் பக்கம் 1947இல் எழுந்த லெவிட்டவுனில் வெள்ளையர் மட்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. ஆக, பயந்து ஓடியவனுக்கும் போய்ச் சேர மானிய விலையில் ஓர் ஊர் தயாராக இருந்தது.

கணக்குப்பிள்ளை:
தரகர் மேலேயே எல்லாப் பழியையும் போடாதீர்கள். பொருளாதார வல்லுநர் லியா பூஸ்டன் அமெரிக்காவின் வடக்கு, மேற்கு நகரங்களின் 1940–70 கணக்கைப் பிரித்துப் பார்த்தார்: நகருக்குக் கறுப்பர் ஒருவர் வந்தால் 2.7 வெள்ளையர் வெளியேறினார்கள். வீட்டு நெருக்கடி மட்டும்தான் என்றால் ஒருவருக்கு ஒருவர்தானே போயிருக்க வேண்டும்? இன்னொன்று, பக்கத்துத் தெருவில் கறுப்பரே இல்லாதவர்களும் போனார்கள். நெடுஞ்சாலை வந்ததும் போக்குவரத்து சுலபமாகிவிட்டது.

வில்லங்கம்:
அந்த 2.7 சரிதான். ஆனால் தரகன் பிடியைத் தளர்த்த முடிந்த ஊரும் உண்டு. பக்கத்திலேயே ஓக் பார்க், 1968இல் வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டைத் தடை செய்தது. 1978இல் வீட்டுக்காரருக்கு ஒரு உத்தரவாதம்: பதிவு செய்து ஐந்து வருஷம் இருந்துவிட்டு விற்கும்போது விலை இறங்கியிருந்தால், நஷ்டத்தில் 80 சதவீதம் ஊராட்சி தரும். “விலை விழறதுக்குள்ள” என்று வருகிறவனுக்கு அங்கே என்ன வேலை?