மங்கிப்போன மெயில் பவுச் கொட்டகை: எழுத்து படத்தில் விழவில்லை, உதவி தேவை

ஊர்ச்சாலை:
ஒஹாயோவின் கிழக்குப் பகுதியில், சாலையோரம் ஒரு பழைய மெயில் பவுச் புகையிலை விளம்பரக் கொட்டகை. சுவர் தெற்குப் பார்த்தது, நெடுக்குப் பலகை. கருப்புப் பூச்சு பாதிக்கு மேல் உதிர்ந்து சாம்பல் மரம் தெரிகிறது. 'ட்ரீட் யுவர்செல்ஃப் டு த பெஸ்ட்' வரியைக் கண்ணால் வாசிக்க முடிகிறது. படத்தில் எல்லாம் ஒரே சாம்பல். அக்டோபர் நண்பகல் வெயில், 24 மி.மீ. லென்ஸ், எஃப்/8, ஐஎஸ்ஓ 100. போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் வடிகட்டி) போட்டும் மாற்றமில்லை. சுவர் மேலே போகப்போகக் குறுகுகிறது.

மூன்றுகால்:
கேமராவில் கோளாறு இல்லை, வெயில்தான் காரணம். அக்டோபரில் சூரியன் தாழ்ந்திருப்பதால் தெற்குச் சுவரில் கோடையைவிட நேராக அடிக்கிறது. வெளுத்த மரமும் மங்கிய வெள்ளை எழுத்தும் ஒரே அளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன.

மழை விட்டவுடன், மப்பு கலையும் முன் எடுங்கள். பூச்சு போன மரம் நீரைக் குடித்துக் கருக்கும். மிச்சமிருக்கும் பூச்சு அவ்வளவு குடிக்காது, எழுத்து பளிச்சென்று பிரியும். சுவர் கருத்திருப்பதால் கேமரா அதிக வெளிச்சம் கொடுக்கும், எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்சத் திருத்தம்) −0.7 வைத்து, RAW கோப்பாக எடுங்கள்.

வெயிலில்தான் எடுக்க வேண்டுமென்றால் ஜூன் கடைசி, பிற்பகல் 1.30ஐ ஒட்டி. சூரியன் உச்சியில் இருக்கும். வெளிச்சம் பலகையின் நீளவாக்கில் மேலிருந்து வருடி, பூச்சின் விளிம்பைத் தூக்கிக் காட்டும். பக்கவாட்டில் வருடினால் ஒவ்வொரு பலகை இடுக்கிலும் நிழல் விழுந்து எழுத்தை வெட்டிவிடும்.

போலரைசர் நேர் எதிரே நின்றால் பயன்படாது. சுவருக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 55 டிகிரி விலகினால்தான் முழுப் பலன். அங்கிருந்து எழுத்து நசுங்கிவிடும். கழற்றிவிடுங்கள்.

சுவர் குறுகுவது 24 மி.மீ. லென்ஸை மேல்நோக்கிச் சாய்ப்பதால். 12 மீட்டர் அகலச் சுவருக்கு, ஃபுல் ஃபிரேம் கேமராவில் (36 மி.மீ. அகல உணரி) 85 மி.மீ. லென்ஸ் போட்டு 30–35 மீட்டர் தள்ளி நில்லுங்கள். மட்டத்தை முக்காலியின் குமிழியில் பாருங்கள். கொட்டகையின் மூலையை நம்பாதீர்கள், அதுவே சாய்ந்திருக்கும்.

ஊர்ச்சாலை:
எடுத்த பிறகு கணினியில் எவ்வளவு மீட்கலாம்? இன்னொரு கொட்டகையில் பின்னணி சிவப்பு, எழுத்து மஞ்சள்.

பச்சைத்தடம்:
அதற்குப் படத்தின் சிவப்பு, பச்சை, நீல வண்ணத் தடங்களில் பச்சையை மட்டும் கருப்பு வெள்ளையாக்குங்கள்: சிவப்பு இருளும், மஞ்சள் வெளுக்கும். நீலத் தடம் வேண்டாம், அதில் மஞ்சளும் இருண்டுவிடும். அதிலும் வரவில்லையென்றால் டிஸ்ட்ரெட்ச். பாறை ஓவிய ஆய்வுக்காக, இமேஜ்ஜே என்ற பட ஆய்வு மென்பொருளுக்கு எழுதப்பட்ட செருகுநிரல். வண்ணம் பொய்யாக வரும், ஆகவே வாசிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றுகால்:
ஒரு வேண்டுகோள். விடுபட்ட எழுத்தை மென்பொருளில் நிரப்பாதீர்கள். சுவரில் சாக்பீஸும் தேய்க்காதீர்கள். ஆயிரக்கணக்கான கொட்டகைகளுக்கு வண்ணமடித்த ஹார்லி வாரிக் 2000இல் காலமானார். அவர் கைபட்ட எழுத்து உதிர்ந்த அளவும் பதிவில் இருக்க வேண்டும். வேலி தாண்டுமுன் பண்ணை வீட்டில் கேளுங்கள். சுவரின் திசை, தேதி, நின்ற இடம் மூன்றையும் படத்தோடு குறித்துவையுங்கள். அடுத்த முறை அதே இடத்திலிருந்து எடுத்து ஒப்பிடலாம்.