கணிதத் தொகுத்தறிதல்: படி சரி, கூற்று தவறு?

முதலாண்டு மாணவி, ரெதுயி (மொரீஷியஸ்): 2^க > க² என்று தொகுத்தறிதலால் நிறுவ வேண்டும்: முதல் எண்ணுக்குக் கூற்று உண்மை, ஓர் எண்ணுக்கு உண்மையானால் அடுத்ததற்கும் உண்மை என்று காட்டும் முறை. க=1இல் 2>1. கவிலிருந்து க+1க்குப் போகும் படியும் வருகிறது. ஆனால் க=3இல் 8, 9ஐவிடச் சிறியது! பிழை எங்கே?

ஆசிரியர், ரோஸ்ஹில்: படியில் 2க² ≥ (க+1)² என்பதைப் பயன்படுத்தியிருப்பீர்கள், அம்மா. அதற்கு (க−1)² ≥ 2 வேண்டும். க≥3க்குத்தான் அது உண்மை. 1இலிருந்து 2க்கே தாண்ட முடியாது.

மாணவி: அப்படியென்றால் 3இலேயே தொடங்கலாமா, ஐயா?

ஆசிரியர்: கூடாது. 3இல் கூற்றே பொய், 4இல் 16=16. 5இல் தொடங்குங்கள்: 32>25.

போர்ட் லூயி வாசகர்: நிறுவ வேண்டியதையே முதல் வரியாக எழுதிச் சுருக்கிக்கொண்டு போகாதீர்கள், தங்கச்சி. பலர் மதிப்பெண் இழப்பது இங்கேதான். பின்னோக்கிய தேடல் கரட்டுத் தாளில் இருக்கட்டும். விடைத்தாளில் 2^(க+1) = 2·2^க > 2க² ≥ (க+1)². ஒவ்வொரு குறிக்கும் காரணத்தைப் பக்கத்திலேயே எழுதுங்கள்.