1971 ஜாவா 250: புகை நிற்கலை, கியர் ஆயிலும் காணாமப் போகுது

கொழிஞ்சாம்பாறை_2டி:
12 வருசம் ஷெட்டில் நின்ன பைக். கார்பரேட்டர் கழுவி, பாயிண்ட் கேப் (தீப்பொறி தர்ற காண்டாக்ட் பாயிண்ட் இடைவெளி) 0.4 மி.மீ. வெச்சாச்சு. மூணாவது கிக்கில் எடுக்குது. ஆனா ரெண்டு சைலன்சர்லயும் வெள்ளைப் புகை, சூடானாலும் குறையலை. ஒரே வாரத்தில் கியர் ஆயில் 200 மில்லி கம்மி, தரையில ஒரு சொட்டு இல்லை. பிஸ்டன் ரிங் தேஞ்சிருச்சு, போர் போடணும் (சிலிண்டரைக் கடைஞ்சு பெரிய பிஸ்டன் போடணும்)னு சொல்றாங்க. செய்யலாமா? டேங்குக்குள்ள துருவும் இருக்கு.

பழைய_கிக்கர்:
போர் போட்டுக் காசைக் கரைக்காதீங்க. டூ ஸ்ட்ரோக்கில் ரிங் தேஞ்சா இழுவை குறையும், கியர் ஆயில் குறையாது. ஜாவாவில் கிளட்ச், பிரைமரி செயின், கியர்பாக்ஸ் மூணுக்கும் ஒரே ஆயில். அதுக்கும் கிராங்க்கேஸுக்கும் (பிஸ்டனுக்குக் கீழ இருக்கிற அறை) நடுவுல நிக்கிறது இடது கிராங்க் சீல்தான், கிராங்க் தண்டைச் சுத்தி அடைக்கிற ரப்பர் வளையம். நின்னே கிடந்தா ரப்பர் கல்லாயிடும். பிஸ்டன் மேலே போறப்ப கிராங்க்கேஸ் ஆயிலை உறிஞ்சி எரிச்சிடுது.

உறுதி செய்ய, கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கி மோந்து பாருங்க. பெட்ரோல் வாசம் அடிச்சா சந்தேகமே வேண்டாம்.

இடது கவரைக் கழற்றி கிளட்ச், செயின், சின்ன ஸ்ப்ராக்கெட் மூணையும் ஒண்ணாவே எடுக்கணும். ஸ்ப்ராக்கெட் டேப்பர்ல (கூம்பு மாதிரி குறுகுற தண்டு முனை) இறுகி உட்கார்ந்திருக்கும். புல்லர் (இழுத்துக் கழட்டுற கருவி) போட்டு மட்டும் எடுங்க, ஸ்க்ரூடிரைவர்ல நெம்பினா கேஸ் விரிசல் விடும். பழைய சீலின் ஸ்பிரிங் எந்தப் பக்கம் பார்த்திருந்ததுன்னு குறிச்சுக்குங்க. புதுசு அதே மாதிரி, உதட்டுல கிரீஸ் தடவி உட்காரணும். அதுக்கு முன்னால கிராங்க் முனையைப் பிடிச்சு மேலும் கீழும் ஆட்டுங்க. 'டக்'னு சத்தம் வந்தா பேரிங் போச்சு. புது சீலும் சீக்கிரமே போயிடும்.

முக்கியமானது ஒண்ணு: சீல் மாத்தின அன்னிக்கே புகை நிக்காது. சைலன்சருக்குள்ள தேங்கின ஆயில் எரிஞ்சு தீரணும். ரெண்டு பேஃபிளையும் (சைலன்சர் உள்ளே இருக்கிற குழாய்) உருவி காஸ்டிக் சோடா தண்ணியில ஊறவெச்சு தேய்ங்க. கையுறை கட்டாயம். அலுமினியப் பாகம் எதையும் அதுல போட்டுடாதீங்க.

வாளையார்_ரைடர்:
வலது சீலையும் சேர்த்தே மாத்துங்கண்ணா. அது கசிஞ்சா காத்து உள்ளே போய் ஐடில் (ஆக்சிலரேட்டர் விட்டப்ப ஓடுற வேகம்) தானா ஏறும், பெட்ரோல்-காத்துக் கலவை மெலிஞ்சு பிஸ்டன் சீஸ் ஆகும் (சூட்டில இறுகி நின்னுடும்). பெட்ரோலில் எத்தனால் இருக்கிறதால வைட்டான் (பெட்ரோல் தாங்குற ரப்பர்) சீல் கேட்டு வாங்குங்க. பெட்ரோலில் கலக்குற 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் லிட்டருக்கு 40 மில்லி.

டேங்குக்கு லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் சிட்ரிக் ஆசிட், ஒரு ராத்திரி. 40 நட்டை எண்ணிப் போட்டுக் குலுக்குங்க, 40ஐயும் எண்ணியே எடுங்க. சோடா உப்புத் தண்ணியில அலசி உடனே ஹேர் டிரையர். பத்து நிமிஷம் விட்டாலே மறுபடி செம்மண் நிறம் வரும். காஞ்சதும் 100 மில்லி 2டி ஆயில் ஊத்தி உருட்டுங்க. பெயிண்டை மார்கழிக்குத் தள்ளிப்போடுங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வறண்டிருக்கும். இடவப்பாதி மழையில என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடிச்சா ஈரத்துல பால் மாதிரி வெளுத்துரும்.

கொழிஞ்சாம்பாறை_2டி:
ஆயிலை மோந்தேன், பெட்ரோல் வாசம்தான்! கிராங்க் ஆடலை. நான் கேரளாவில, ஆனா ஆர்.சி. இன்னும் தமிழ்நாட்டு நம்பர்லதான் இருக்கு. 50 வருசம் தாண்டினதால விண்டேஜ் பதிவு போடலாமா?

பழைய_கிக்கர்:
போடலாம், 2021 விதிப்படி. கட்டணம் 20,000 ரூபாய், 10 வருசம் செல்லும். 'வி.ஏ.' வரிசை நம்பர் புதுசாப் பதிவாகிற வண்டிக்குத்தான், ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வெச்சுக்கலாம். ஆனா தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுறது, பராமரிப்பு இதுக்கு மட்டும். சந்தைக்கு ஓட்டணும்னா பழைய ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, சாதாரண மறுபதிவுக்கே போங்க. சேஸிஸ் நம்பரைப் பெயிண்டுல மூடிடாதீங்க, பென்சில் தேச்சு எடுக்க வருவாங்க.