லினக்ஸ் மெசேஜ் க்யூவை ஃப்ரீபிஎஸ்டி கர்னலில் எமுலேட் செய்தல்: க்யூ திறக்கிறது, ஆனால் ரிசீவில் தொங்கி நிற்கிறது

மரங்கொத்தி:

வணக்கம். சோர்ஸ் கோடு கையில் இல்லாத 64-பிட் லினக்ஸ் பைனரி ஒன்றை ஃப்ரீபிஎஸ்டியின் லினக்ஸுலேட்டரில் (லினக்ஸ் நிரல்களை ஓட்டும் அடுக்கு) ஓடவைக்கப் பார்க்கிறேன். அதில் இரண்டு ப்ராசஸ். ஒன்று கருவியிலிருந்து அளவுகளைப் படிக்கும், இன்னொன்று அவற்றைக் கோப்பில் எழுதும். நடுவில் போசிக்ஸ் மெசேஜ் க்யூ (ப்ராசஸ்கள் செய்தி பரிமாறும் வரிசை). அதற்கான ஆறு சிஸ்டம் கால்களையும் (கர்னலிடம் நிரல் வேலை கேட்கும் அழைப்புகள், லினக்ஸில் 240 முதல் 245 வரை) ஒரு சோதனைக் கர்னலில் நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். ஃப்ரீபிஎஸ்டியில் இதே க்யூவைத் தரும் எம்க்யூஎஃப்எஸ் மாட்யூல் ஏற்கெனவே இருப்பதால், வருவதை அப்படியே அதற்குக் கடத்திவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

முதலில் ஓபன் செய்யும்போதே ஈஇன்வால் (தவறான மதிப்பு என்னும் பிழை) வந்தது. கேட்ரேஸ் (சிஸ்டம் கால்களின் பதிவு) எடுத்துப் பார்த்தால், பெயர் "/அளவு" என்று வராமல் முன்கோடு இல்லாமல் "அளவு" என்று வருகிறது. அதற்கு முந்தைய பைட்டில் இருப்பது அந்தக் கோடுதானே என்று பாயிண்டரில் ஒன்றைக் கழித்து அனுப்பினேன். ஈஇன்வால் போய், ஈநோஎன்ட் (அப்படி ஒன்று இல்லை) வந்தது. ஓ_கிரியேட் (இல்லாவிட்டால் உருவாக்கு) கொடுத்தும் க்யூ உருவாகவில்லை. சரி என்று ஒரு சிறிய ஃப்ரீபிஎஸ்டி நிரலால் க்யூவை முன்கூட்டியே உருவாக்கி வைத்தேன். இப்போது திறக்கிறது, ஆனால் க்யூ காலியாக இருந்தால் ரிசீவ் அப்படியே தொங்குகிறது. நிரல் ஓ_நான்பிளாக் (காத்திருக்காதே) கொடுத்துத்தான் திறக்கிறது. எங்கே தவறு?

வன்தட்டு:

தம்பி, நீங்கள் சொன்ன கடைசி இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ஃபிளாக்குகளை மொழிபெயர்க்காமல் விட்டிருக்கிறீர்கள்.

லினக்ஸில் ஓ_கிரியேட் ஹெக்ஸில் 40, ஓ_நான்பிளாக் 800. ஃப்ரீபிஎஸ்டியில் ஓ_கிரியேட் 200, ஓ_நான்பிளாக் 4. உங்கள் நிரல் 842 என்று அனுப்புகிறது. ஃப்ரீபிஎஸ்டியின் கண்ணில் 40 என்பது ஓ_அசிங்க். 800 என்பது ஓ_எக்ஸ்க்ளூசிவ் (ஏற்கெனவே இருந்தால் பிழை தா). ஆக, உருவாக்கச் சொல்லும் பிட்டும் இல்லை, காத்திருக்காதே என்னும் பிட்டும் இல்லை. க்யூ இல்லாதபோது ஈநோஎன்ட். இருந்தால், ஓ_கிரியேட் இல்லாமல் வரும் எக்ஸ்க்ளூசிவை யாரும் பொருட்படுத்துவதில்லை. க்யூ திறந்துவிடும், ஆனால் பிளாக்கிங் முறையில். நீங்கள் பார்த்தது அச்சு அசலாக இதுதான்.

இதே 800 இன்னொரு இடத்திலும் ஒளிந்திருக்கிறது. எம்க்யூ_ஆட்டர் ஸ்ட்ரக்சரை (க்யூவின் அமைப்பு விவரம்) இரண்டு பக்கமும் எடுத்து வைத்துப் பாருங்கள்: ஃபிளாக், அதிகபட்ச மெசேஜ், மெசேஜ் அளவு, இப்போதைய எண்ணிக்கை, பிறகு நான்கு காலி இடங்கள். எட்டும் லாங், மொத்தம் 64 பைட், வரிசையும் ஒன்றே. அதனால் அப்படியே காப்பி செய்யத் தோன்றும். ஆனால் முதல் உறுப்புக்குள் இருப்பது அதே ஓ_நான்பிளாக். மாற்றாமல், அந்த விவரத்தை மாற்றும் 245-ஆம் காலில் அனுப்பினால், தெரியாத பிட் என்று ஃப்ரீபிஎஸ்டியின் சொந்த (நேட்டிவ்) பக்கம் ஈஇன்வால் தரும். திருப்பித் தரும் பழைய ஆட்டரிலும் 4-ஐ 800 ஆக்கித் தர வேண்டும். அமைப்பு வேறாக இருந்தால் நாம் தானாகவே உஷாராகிவிடுவோம். ஒன்றுபோல இருக்கும் இடத்தில்தான் கை நழுவும்.

இப்போது பெயர் விஷயம். அந்த மைனஸ் ஒன்றைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். முன்கோட்டை நீக்குவது லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சி. கோடு இல்லாவிட்டால் அது ஈஇன்வால் சொல்லிவிடும், இருந்தால் அடுத்த பைட்டிலிருந்து கர்னலுக்குத் தரும். ஆக, உங்கள் பைனரிக்கு அந்தத் தந்திரம் பலிக்கிறது. மசல் என்னும் இன்னொரு சி லைப்ரரி அப்படியில்லை: கோடு இருந்தால் தாண்டும், இல்லாவிட்டாலும் ஏற்றுக்கொள்ளும். நேரடியாக சிஸ்டம் கால் போடும் நிரல்களும் உண்டு. அங்கெல்லாம் முந்தைய பைட்டில் என்ன கிடக்கிறது என்று யார் கண்டது? பயனர் நினைவகத்தில், அவர் நமக்குக் கொடுக்காத பைட்டைக் கர்னல் படிக்கவே கூடாது.

சரியான வழி கொஞ்சம் வேலை வைக்கும். பெயரைக் கர்னல் பஃபருக்குள் எடுத்து, முன்னால் ஒரு கோட்டைச் சேர்த்து, கர்னல் சரத்தையே வாங்கிக்கொள்ளும் ஓர் உள் ஃபங்ஷனை அழையுங்கள். உங்களிடம் உள்ள கர்னல் மூலத்தில் நேட்டிவ் ஃபங்ஷனே பயனர் பக்கத்திலிருந்து பெயரை எடுக்கிறதென்றால் அதை இரண்டாகப் பிரியுங்கள். அப்புறம், பெயருக்குள் இன்னொரு கோடு இருந்தால் லினக்ஸ் ஈஅக்செஸ் (அனுமதி இல்லை) தரும், ஃப்ரீபிஎஸ்டி ஈஇன்வால் தரும். லினக்ஸ் தருவதைத்தான் நாமும் தர வேண்டும்.

ஒரு எச்சரிக்கை, நான் இரண்டு இரவுகளைத் தொலைத்த இடம். ஈஅகெய்ன் (இப்போது முடியாது, பிறகு முயல்) லினக்ஸில் 11, ஃப்ரீபிஎஸ்டியில் 35. ஈடெட்லாக் (பூட்டுகள் ஒன்றுக்கொன்று காத்து முடங்குதல்) லினக்ஸில் 35, ஃப்ரீபிஎஸ்டியில் 11. நேர் எதிராக மாறிக் கிடக்கின்றன. நான் அக்கறையாக 35-ஐ 11 ஆக்கித் திருப்பினேன். ஆனால் லினக்ஸுலேட்டர் வெளியே போகும் வழியில் பிழை எண்களை ஓர் அட்டவணை வைத்துத் தானே மாற்றுகிறது. அது என் 11-ஐ ஃப்ரீபிஎஸ்டியின் டெட்லாக் என்று எடுத்துக்கொண்டு மறுபடி 35 ஆக்கியது. காலி க்யூவைப் படித்த நிரல், டெட்லாக் என்று சொல்லிவிட்டு நின்றது. பூட்டே இல்லாத இடத்தில் பூட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். பிழை எண்களை நீங்கள் தொடாதீர்கள்.

மரங்கொத்தி:

மிக்க நன்றி அண்ணா. ஃபிளாக், பெயர் இரண்டும் சரியாகிவிட்டன, காலி க்யூவில் உடனே ஈஅகெய்ன் வருகிறது. அடுத்து இரண்டு சிக்கல். 2000 பைட் மெசேஜ் அனுப்பினால் ஈஎம்எஸ்ஜிசைஸ் (மெசேஜ் அளவு மீறல்). கோப்பில் எழுதும் ப்ராசஸ், மெசேஜ் வந்தால் அறிவிக்கச் சொல்லும் நோட்டிஃபை கால் மூலம் யூஎஸ்ஆர்1 சிக்னல் கேட்கிறது. கால் வெற்றி என்கிறது, ஆனால் சிக்னல் வருவதே இல்லை. எப்படி அறிவிப்பது என்று சொல்லும் சிக்இவெண்ட் ஸ்ட்ரக்சரை அப்படியேதான் கடத்துகிறேன்.

நிலாமுற்றம்:

முதலாவது எளிது. உங்கள் நிரல் ஆட்டர் இடத்தில் நல் கொடுக்கிறது என்று நினைக்கிறேன். அப்போது லினக்ஸ் 10 மெசேஜ், ஒவ்வொன்றும் 8192 பைட் என்று வைத்துக்கொள்ளும். ஃப்ரீபிஎஸ்டியும் 10 தான், ஆனால் 1024 பைட். எமுலேஷனில் நல் வந்தால் 10, 8192 என்று நீங்களே நிரப்பி அனுப்புங்கள். ஃப்ரீபிஎஸ்டியின் வழக்கமான உச்சவரம்பு 16384, அதனால் இடிக்காது.

நோட்டிஃபையில் மூன்று அடுக்குத் தவறு. லினக்ஸ் ஸ்ட்ரக்சரில் வேல்யூ முதலில், பிறகு சிக்னல் எண், பிறகு அறிவிப்பு வகை. ஃப்ரீபிஎஸ்டியில் வகை, சிக்னல், வேல்யூ. உங்கள் நிரல் வேல்யூவைச் சுழியமாக விட்டிருக்கும். அந்தச் சுழியம் வகை என்று படிக்கப்படுகிறது. ஃப்ரீபிஎஸ்டியில் வகை 0 என்றால் அறிவிப்பே வேண்டாம் என்று பொருள். அதனால்தான் வெற்றி என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறது.

வரிசையைச் சரிசெய்தாலும் தீராது. லினக்ஸில் சிக்னல் அனுப்பு என்பது 0, வேண்டாம் என்பது 1. ஃப்ரீபிஎஸ்டியில் 1-ம் 0-ம். அதையும் மாற்றினால் கடைசியாக சிக்னல் எண்: லினக்ஸில் யூஎஸ்ஆர்1 என்பது 10, ஃப்ரீபிஎஸ்டியில் அது 30. இங்கே 10 என்றால் பஸ் எரர். மூன்றாவதை மறந்தால் முதல் மெசேஜ் வந்ததுமே உங்கள் ப்ராசஸ் செத்துவிழும். சிக்னல் எண்ணை மாற்றும் ஃபங்ஷன் லினக்ஸுலேட்டரிலேயே இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

வன்தட்டு:

நிலாமுற்றம் சொன்னதோடு ஒன்று. த்ரெட் வகை அறிவிப்பை (மதிப்பு 2) இப்போதைக்கு ஈநோசிஸ் (இந்த வசதி இல்லை) என்று மறுத்துவிடுங்கள். ஜிலிப்சி அதற்கு ஒரு நெட்லிங்க் சாக்கெட்டை (கர்னலோடு பேசும் வழி) திறந்து, அதன் எண்ணை சிக்னல் எண் இருக்க வேண்டிய இடத்தில் வைத்து, கூடவே 32 பைட் குக்கி (அடையாளத் தரவு) ஒன்றையும் தரும். கர்னல் அந்தக் குக்கியைச் சாக்கெட் வழியே திருப்பி அனுப்ப வேண்டும். பாதி செய்தால் நிரல் வராத அறிவிப்புக்காகக் காத்துக் கிடக்கும். மறுத்துவிட்டால் அதற்கு விஷயமாவது தெரியும்.

முன்னுரிமை எண்ணையும் பாருங்கள். லினக்ஸ் 32768-க்குக் கீழே எதையும் ஏற்கும், ஃப்ரீபிஎஸ்டி 64-க்குக் கீழே மட்டும். சுருக்கி 64-க்குள் அடக்காதீர்கள், மெசேஜ் வரிசை குலைந்துபோகும்.

மரங்கொத்தி:

மூன்றையும் மாற்றிவிட்டேன், சிக்னல் வருகிறது. பைனரி அனுப்பும் முன்னுரிமை 0, 1 இரண்டுதான், அதனால் 64 போதும். காலையிலிருந்து இரண்டு ப்ராசஸும் நிற்காமல் ஓடுகின்றன, கோப்பில் அளவுகள் விடுபடாமல் விழுகின்றன. மைனஸ் ஒன்றை அப்போதே எடுத்துவிட்டேன் அண்ணா.