பழைய வாலட்ட அப்டேட் பண்ண வைக்கிறது எப்படி?

செவ்வாய்ப்பேட்டை_தம்பி: அண்ணா, இங்க சேலத்துல கடை வச்சிருக்க எங்க மாமா லேப்டாப்ல எலக்ட்ரம் வாலட் (பிட்காயின் வச்சுக்கிற சாஃப்ட்வேர்) ரொம்ப பழைய வெர்ஷன், அப்டேட் பண்ணுங்கன்னா காசு போயிடும்னு பயப்படுறாரு, என்ன சொல்லி ஒத்துக்க வைக்கிறது?

ஏற்காடு_மலை: அவர் பயம் நியாயம்தான் தம்பி. 2018 டிசம்பர்ல திருட்டு சர்வர்ங்க மூலமா "அப்டேட் பண்ணு"ன்னு மெசேஜ் காட்டி போலி வாலட்ட இறக்க வச்சு நிறைய பேர் பிட்காயின தூக்கிட்டாங்க, பழைய வெர்ஷன் சர்வர் அனுப்புறத அப்படியே காட்டிடும், மாத்த சொல்றதே அதுக்குத்தான். மொதல்ல சீட் வார்த்தைங்க, அதாவது வாலட்ட திரும்ப எடுக்க உதவுற ரகசிய வார்த்தைங்க, பேப்பர்ல இருக்கான்னு பாக்க சொல்லுங்க. காசு ஆப்குள்ள இல்ல, பிளாக்செயின்ல (நிறைய கம்ப்யூட்டர்ல இருக்குற பொது கணக்குப் புத்தகம்) இருக்குன்னு புரிஞ்சாலே பாதி பயம் போயிடும்.

அஸ்தம்பட்டி_அக்கா: எந்த லிங்க்கும் தொடாதீங்க, எலக்ட்ரம் டாட் ஓஆர்ஜின்னு கையால டைப் பண்ணி இறக்கி, ஃபைல் அசல்தானான்னு காட்டுற டிஜிட்டல் சிக்னேச்சர் சரிபாருங்க. போன்ல சொல்லிட்டு விட்றாதீங்க, பக்கத்துல உக்காந்து பண்ணுங்க.

செவ்வாய்ப்பேட்டை_தம்பி: சரிங்கக்கா, சீட் எழுதின நோட்டு வீட்லதான் இருக்காம், ஞாயித்துக்கிழமை போறேன்.