புதுப்பிப்பு: பாம்பன் வீட்டில் சொந்த ரௌட்டர் ஓடுகிறது

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: பிராட்பேண்ட் கம்பெனி கொடுத்த பெட்டியின் வைஃபை பின்கட்டு வரை எட்டவில்லை, நானே வாங்கிய ரௌட்டரை மாட்டினால் நெட் வரவில்லை என்று. இப்போது சரியாகிவிட்டது. பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

கம்பெனி பெட்டியைக் கழற்றக் கூடாது. ஃபைபரில் வரும் ஒளியை ஈதர்நெட்டாக மாற்றுவது அதுதான். அதை பிரிட்ஜ் மோடில், அதாவது இணைப்பை அப்படியே நம் ரௌட்டருக்குக் கடத்திவிடும் நிலையில், வைக்கச் சொல்ல வேண்டும். கஸ்டமர் கேரில் மூன்று முறை சொல்லியும் நடக்கவில்லை. லைன் பார்க்கும் தம்பி நேரில் வந்து ஐந்தே நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார். பிபிபிஓஇ (கம்பெனி நெட்டில் லாகின் ஆகும் முறை) யூசர்நேம், பாஸ்வேர்டு, விஎல்ஏஎன் எண் (ஒரே லைனில் நெட்டைத் தனியாகப் பிரித்துக் காட்டும் எண்) மூன்றையும் அவரிடமே எழுதி வாங்கிக்கொண்டேன்.

அப்புறமும் என் ரௌட்டரின் நெட் விளக்கு ஆரஞ்சாகவே நின்றது. விஎல்ஏஎன் எண்ணை என் ரௌட்டரிலும் போட்ட பிறகுதான் பச்சையானது. சில தளங்கள் மட்டும் பாதியில் தொங்கின. எம்டியு (ஒரு தடவையில் அனுப்பும் டேட்டா பொட்டலத்தின் அதிகபட்ச அளவு, பைட்டில்) 1500 என்று இருந்ததை 1492 ஆக்கினேன், திறந்துவிட்டன. பிபிபிஓஇ தனக்கென 8 பைட் எடுத்துக்கொள்கிறது, அதனால்தான்.

இன்னொன்று, நம் கரையோரக்காரர்களுக்கு முக்கியமானது. பழைய அடாப்டரைப் பிடுங்கிப் பார்த்தேன், அதன் உலோக முனை முழுக்கப் பச்சைக் களிம்பு. உப்புக் காற்றின் வேலை. புதிய ரௌட்டரைக் கடல் பார்த்த ஜன்னலிலிருந்து எடுத்து நடு அறைச் சுவரில் மாட்டிவிட்டேன். அம்மா இப்போது பின்கட்டில் மீன் ஆய்ந்தபடியே சவூதியில் இருக்கும் தம்பியிடம் வீடியோ காலில் பேசுகிறார்.